சிறுநகரத் திரையரங்குகளின் மறுவாழ்வு: அமெரிக்க அனுபவம்

அமெரிக்கச் சிறுநகரக் கடைவீதிகளில் இன்றும் நிற்கும் பழைய திரையரங்குகள் பெரும்பாலும் 1900க்கும் 1950க்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எழுந்தவை. முந்நூறு முதல் எண்ணூறு பேர் வரை அமரக்கூடிய ஒரே அரங்கு, தெருவை நோக்கி நீண்டு படப்பெயரைத் தாங்கி நிற்கும் முகப்புக் கூரை, வாசலிலேயே டிக்கெட் கூண்டு, உள்ளே ஒரு பால்கனி. ஏறக்குறைய எல்லா ஊரிலும் அமைப்பு இதுதான். இவற்றில் ஆயிரக்கணக்கானவை இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிப் பூட்டிக் கிடந்தவற்றில் கணிசமானவை 1970களிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன. திறந்தவற்றிலும் சில மறுபடி மூடப்பட்டன. நிலைத்தவற்றையும் நிலைக்காதவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கட்டடத்தின் அழகோ பழமையோ அவற்றைப் பிரிக்கவில்லை என்பது தெரியும். அரங்கு யாருக்குச் சொந்தம், வார நாள்களில் அங்கே என்ன நடக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடைதான் பிரித்திருக்கிறது.

படம் காட்டுவதற்கென்றே ஒரு கடையறையை ஒதுக்கி ஐந்து சென்ட் கட்டணம் வாங்கும் வழக்கம் 1905இல் பிட்ஸ்பர்க் நகரில் திறக்கப்பட்ட ‘நிக்கலோடியன்’ மூலம் பரவியது. சிறுநகரங்களில் அதற்கு முன்பே ‘ஆப்பரா ஹவுஸ்’ என்ற பெயரில் மேடைக் கூடங்கள் இருந்தன. ஆப்பரா நடந்ததோ இல்லையோ, அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருந்தது. ஊர் ஊராக வரும் நாடகக் குழு, சொற்பொழிவு, பள்ளிப் பட்டமளிப்பு எல்லாம் அங்கேதான். பென்சில்வேனியாவின் பீனிக்ஸ்வில் ஊரில் 1903இல் திறந்த ‘கலோனியல்’ அப்படிப்பட்டது. முதலில் மேடை, பிறகே திரை. 1910களிலும் 1920களிலும் புதிதாகக் கட்டப்பட்ட அரங்குகளும் மேடையை விடவில்லை. பேசாப் படத்துக்கு இடையே பாட்டு, வித்தை, நகைச்சுவை என்று நேரடி நிகழ்ச்சிகள் இருந்ததால் திரைக்குப் பின்னே உடைமாற்றும் அறைகளும் மேலே கயிறு, கப்பிகளும் தேவைப்பட்டன. வசதியுள்ள முதலாளி ஒரு குழாய் ஆர்கனையும் வாங்கி வைத்தார். 1927க்குப் பின் பேசும்படம் வந்து ஆர்கன் கலைஞரையும் மேடைக் கலைஞரையும் ஒருசேர வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் மேடை அப்படியே கிடந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் கழித்து அரங்கைக் காப்பாற்ற வந்தவர்களுக்குக் கைகொடுத்ததும் அந்த மேடைதான்.

1930களின் பொருளாதார மந்தத்தில் கூட்டம் குறைந்தபோது உரிமையாளர்கள் குலுக்கல் இரவு வைத்தார்கள். டிக்கெட்டோடு ஒரு பீங்கான் தட்டு கொடுத்தார்கள். தரை அழுக்காகும் என்று அதுவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பாப்கார்னையும் அந்தக் காலத்தில்தான் உள்ளே விட்டார்கள். இது சிறு செய்தி போலத் தோன்றினாலும் பின்னால் வந்த பல சிக்கல்களின் வேர் இங்கே இருக்கிறது. பழைய அரங்குகள் பாப்கார்னுக்கு முந்திய காலத்தில் வரையப்பட்டவை. அவற்றின் முன்கூடம் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து ஆளை உள்ளே அனுப்பப் போதுமான அளவே அகலம். பிற்காலத்தில் அரங்கின் வருமானமே அந்த முன்கூடத்தில்தான் பிறக்கப்போகிறது என்று கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வீழ்ச்சிக்குத் தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று சொல்வது வழக்கம். அது பாதிக் கதை. 1946இல் அமெரிக்காவில் வாரத்துக்கு 8 முதல் 9 கோடிப் பேர் படம் பார்த்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1970களின் தொடக்கத்தில் அது 2 கோடிக்கும் கீழே இறங்கியது. இடையே 1948இல் உச்ச நீதிமன்றம் பாராமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. ஸ்டுடியோக்கள் தங்கள் அரங்குச் சங்கிலிகளிலிருந்து விலக நேர்ந்தது. பத்துப் படங்களை ஒரே கட்டாக எடுத்தால்தான் ஓடக்கூடிய ஒரு படம் கிடைக்கும் என்ற ஏற்பாடும் நின்றது. சிறுநகர உரிமையாளர்கள் இதை வரவேற்றார்கள். ஆனால் கட்டாயச் சந்தை போனதும் ஸ்டுடியோக்கள் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்த படங்களுக்குக் கூடுதல் பங்கு கேட்டன. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை படம் மாற்றிப் பழகிய ஊர் அரங்குக்குப் படம் போதவில்லை. அதற்குள் நெடுஞ்சாலைகள் ஊருக்கு வெளியே போய், வீடுகளும் கடைகளும் பின்தொடர்ந்தன. 1963இல் கான்சஸ் சிட்டியில் ஸ்டான்லி டர்வுட் ஒரு வணிக வளாகத்தில் இரட்டை அரங்கைத் திறந்தார். ஒரே டிக்கெட் கவுண்டர், ஒரே தின்பண்டக் கடை, இரண்டு திரை. மல்டிபிளெக்ஸின் கணக்கு அங்கே தொடங்குகிறது. கடைவீதி அரங்குகள் சில பால்கனிக்குக் குறுக்கே சுவர் எழுப்பித் தாங்களும் இரட்டையாகப் பார்த்தன. சில வயதுவந்தோர் படத்துக்கு இறங்கின. 1980களில் வீடியோ கேசட் வந்தபோது தாக்குப்பிடிக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஒற்றைத் திரையின் கணக்கு ஏன் நேராவதில்லை என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். மறுவாழ்வு முயற்சிகளில் தோற்றவற்றுள் பல இந்தக் கணக்கைப் பாராமல் இறங்கியவை. புதுப்படத்துக்கு விநியோகஸ்தர் முதல் வாரத்தில் வசூலில் பாதிக்கு மேல் கேட்பார். வாரம் போகப் போகப் பங்கு குறையும். அதோடு, படத்தை இரண்டு அல்லது மூன்று வாரம் தொடர்ந்து ஓட்ட வேண்டும், அதே திரையில் வேறு படம் போடக் கூடாது என்ற நிபந்தனையும் வரும். பதினாறு திரை உள்ள வளாகம் மூன்றாம் வாரத்தில் அந்தப் படத்தைச் சிறிய அரங்குக்கு மாற்றிவிடும். ஐயாயிரம் பேர் வாழும் ஊரின் ஒற்றைத் திரைக்கு அந்த வழி இல்லை. பார்க்க வேண்டியவர்கள் முதல் ஐந்து நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். மீதி நாள்கள் காலி நாற்காலிகளுக்குக் குளிர்சாதனம் ஓடும். டிக்கெட் பணத்தில் கையில் தங்குவது சொற்பம். வாழ வைப்பது தின்பண்டக் கடை. அமெரிக்காவில் இடைவேளை கிடையாது. நம் ஊர் அரங்குகளில் பாதிப் படத்தில் வெளியே வரும் கூட்டம் கேன்டீனைப் பிழைக்க வைப்பது போல அங்கே நடக்காது. படம் தொடங்குவதற்கு முந்திய இருபது நிமிடத்தில் அத்தனை விற்பனையும் முடிய வேண்டும். குறுகிய முன்கூடத்தில் வரிசை நகராவிட்டால் பாதிப்பேர் வாங்காமலேயே உள்ளே போய்விடுவார்கள். சீரமைக்கும் பணத்தை முதலில் எங்கே செலவிடுவது என்ற விவாதத்தில், கூரை ஓவியத்தைவிட முன்கூடத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லும் ஆலோசகர்கள் ரசனை இல்லாதவர்கள் அல்லர்.

இந்த நலிவின் மேல் டிஜிட்டல் மாற்றம் வந்து விழுந்தது. ஸ்டுடியோக்கள் 2002இல் கூட்டாக ஒரு அமைப்பை நிறுவி, 2005இல் டிஜிட்டல் திரையிடலுக்கான தொழில்நுட்ப வரையறையை வெளியிட்டன. 35 மி.மீ. பிரிண்ட் ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவு செய்துவந்த அவர்களுக்கு, அதில் சிறு பங்கு விலையில் ஒரு ஹார்டு டிஸ்க் போதும் என்பது பெரிய லாபம். புரொஜெக்டரின் விலை மட்டும் அரங்கின் தலையில் விழுந்தது. திரை ஒன்றுக்கு அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை. பிரிண்ட் செலவில் மிச்சமாவதில் ஒரு பகுதியை அரங்குக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்று இருந்தது. அது ரிலீஸ் நாளிலேயே படம் போடும் பெரிய சங்கிலிகளுக்குப் பொருந்தியது. நான்கு வாரம் கழித்து வாங்கி ஓட்டும் ஊர்க் கொட்டகைக்கு அதில் கிடைத்தது மிகக் குறைவு. 2013 இறுதியில் ‘த உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’ பிரிண்டே இல்லாமல் வெளியானது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பல ஊர்கள் தங்கள் அரங்குக்காக உண்டியல் ஏந்தின. இணைய நன்கொடைத் திரட்டல், தேவாலய விருந்து, பள்ளி மாணவர்களின் கார் கழுவும் நாள் என்று எல்லா வழியும் கையாளப்பட்டன. இதில் ஓர் எதிர்பாராத விளைவு உண்டு. ஓர் ஆளின் தொழிலாக இருந்த அரங்கு, பணம் கொடுத்த பிறகு ஊரின் பொறுப்பாகத் தெரியத் தொடங்கியது. பல இடங்களில் உரிமை மாற்றத்துக்கு வித்திட்டது பழுதான கூரை அல்ல, இந்தப் புரொஜெக்டர்தான்.

கட்டட வேலை என்று வந்தால் முதலில் கூரை. நீர் கசிந்தால் சுதைவேலைப்பாடு ஊறி விழும். சுதை விழுந்தபின் திருத்தும் செலவு பல மடங்கு. அடுத்து கண்ணுக்குத் தெரியாத வேலைகள்: மின்வயர், குளிர்சாதனம், தீத்தெளிப்பான், கழிவறை. பெண்களுக்கான கழிவறை பழைய அரங்குகளில் எப்போதும் போதாமல்தான் இருந்திருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை புழக்கத்திலிருந்த நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஆபரேட்டர் அறை தடித்த சுவரும் தீயில் தானே விழுந்து மூடும் இரும்புத் தகடுகளும் கொண்டு கட்டப்பட்டது. அந்த அறையிலும் கொதிகலன் குழாய்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை அகற்றுவது தனிச் செலவு. 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தபின் சக்கர நாற்காலிக்கு இடமும் சரிவுப் பாதையும் கட்டாயமாயின. புதிய நாற்காலி பழையதைவிட அகலம், கால் நீட்டும் இடைவெளியும் கூடுதல். அதனால் எழுநூறு இருக்கை இருந்த இடத்தில் ஐந்நூறுதான் வரும். நிரம்பாத அரங்கில் இருநூறு நாற்காலி குறைவது பெரிய இழப்பில்லை என்பதை உணர நிர்வாகக் குழுக்களுக்குச் சற்றுக் காலம் பிடிக்கிறது. ஒலி இன்னொரு சிக்கல். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மேடைக் குரல் கடைசி வரிசையை எட்டுவதற்காகச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பும்படி அமைக்கப்பட்டன. இன்றைய படத்தின் ஒலிக்கோ எதிரொலி இல்லாத கூடம் வேண்டும். ஒரே கூடத்தில் இரண்டும் நடக்க, தேவைக்கேற்ப இறக்கி ஏற்றும் கனத்த திரைச்சீலைகளே நடைமுறைத் தீர்வு.

எந்தக் காலத்துத் தோற்றத்துக்குத் திருப்புவது என்பது எளிய கேள்வி அல்ல. 1910இன் செங்கல் முகப்பின் மேல் 1930களின் கண்ணாடிப் பலகையும் நியானும் ஏறியிருக்கும். அதற்கும் மேலே 1960களின் அலுமினியத் தகடு. 1953க்குப் பின் வந்த அகலத்திரைக்காக மேடை முகப்பின் வளைவையே உடைத்த அரங்குகளும் உண்டு. முதல் தோற்றமே உண்மையானது என்று பிடிவாதம் பிடித்தால், ஊரில் உயிரோடிருக்கும் யாரும் பார்த்திராத ஒரு கட்டடம் கிடைக்கும். அவர்கள் நினைவில் இருப்பது நியான் விளக்குதான். மத்திய உள்துறையின் சீரமைப்பு விதிகளும் பின்னால் சேர்ந்த மாற்றங்கள் தாமே வரலாற்று மதிப்புப் பெற்றிருக்கலாம் என்பதை ஏற்கின்றன. தென் மாநிலங்களில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. அங்கே கறுப்பினத்தவருக்குத் தனி வாசல், தனி டிக்கெட் சன்னல், பால்கனிக்கு ஏறத் தனிப் படிக்கட்டு. சீரமைப்பின்போது அந்த வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது வசதி; வரலாறு என்று பேசிக்கொண்டே அதைச் செய்வது நேர்மையல்ல. சிறுநகரம் அல்லாவிட்டாலும், அலபாமாவின் பர்மிங்ஹாமில் 2016இல் மீண்டும் திறந்த ‘லிரிக்’ அரங்கு அந்த வாசலை அடைக்காமல் பார்வைக்கு வைத்தது இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

சட்டமும் பணமும் ஒன்றோடொன்று பின்னியவை. 1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வரலாற்றிடங்களுக்கான தேசியப் பதிவேட்டை உருவாக்கியது. பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டால் கட்டடம் தப்பியது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. மத்திய அரசின் பணமோ உரிமமோ சம்பந்தப்படாதவரை தனியார் உரிமையாளர் அதை இடிக்கலாம். பதிவேட்டின் உண்மையான பயன், தகுதியான சீரமைப்புச் செலவில் 20 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளும் சலுகைக்கு அது கதவு திறப்பதுதான். 2017இன் வரிச் சட்டத்துக்குப் பின் அச்சலுகை ஐந்து ஆண்டுகளில் பிரித்துத் தரப்படுகிறது. வரியே கட்டாத அறநிறுவனத்துக்கு வரிச்சலுகையால் என்ன பயன்? அதனால் வரி கட்டும் ஒரு முதலீட்டாளரைக் கூட்டாளியாக்கி, நீண்டகாலக் குத்தகை ஒப்பந்தங்கள் மூலம் சலுகையை அவருக்கு மாற்றிப் பணமாக்கும் முறை வளர்ந்தது. வக்கீல் கட்டணமும் கணக்காளர் கட்டணமும் கனமானவை என்பதால் சிறிய திட்டங்களுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை. 1976இல் தொடங்கிய வரலாற்று அரங்குகளின் கூட்டமைப்பும், கடைவீதிகளை மீட்க 1980இல் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை நிறுவிய ‘மெயின் ஸ்ட்ரீட்’ மையமும் பணத்தைவிட அனுபவத்தைப் பகிர்ந்தே அதிகம் உதவின.

இனி உரிமை. பீனிக்ஸ்வில் இரும்பாலையை நம்பி வாழ்ந்த ஊர். 1980களில் ஆலை மூடப்பட்டபோது கடைவீதியும் வெறிச்சோடியது. கலோனியல் அரங்கை 1990களின் பிற்பகுதியில் அதற்கென்றே உருவான உள்ளூர் லாபநோக்கற்ற சங்கம் வாங்கி, 1999 அக்டோபரில் திறந்தது. சங்கத்திடம் ஒரு விசித்திரமான சொத்து இருந்தது. 1958இல் வெளியான ‘த பிளாப்’ என்ற திகில் படத்தில், கூழ் போன்ற ஒரு ஜந்து அரங்குக்குள் புக, மக்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடும் காட்சி இந்தக் கலோனியலில்தான் படமாக்கப்பட்டது. 2000 முதல் கோடைதோறும் நடக்கும் விழாவில் டிக்கெட் வாங்கியவர்கள் அதேபோல் அலறிக்கொண்டு அதே கதவுகள் வழியே ஓடுகிறார்கள். வெளியூர்க்காரருக்கு இது கேலிக்கூத்து. சங்கத்துக்கோ ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதி, ஊர்க்காரர்களுக்குப் பெருமை. ஆனாலும் விழாவை நம்பி அரங்கு நிற்கவில்லை. 2017இல் பக்கத்திலிருந்த 1920களின் வங்கிக் கட்டடத்தைச் சேர்த்துக்கொண்டு, அகலமான முன்கூடமும் இரண்டு சிறு திரைகளும் அமைத்ததே உறுதியான அடி. ஒரே படத்தில் மூன்று வாரம் மாட்டிக்கொள்ளும் சிக்கலும் குறுகிய முன்கூடத்தின் சிக்கலும் அதில் ஒருசேரத் தீர்ந்தன.

மிச்சிகனின் டிராவர்ஸ் சிட்டி வேறு வழியில் போனது. ஏறத்தாழப் பதினைந்தாயிரம் பேர் வாழும் அந்த ஏரிக்கரை ஊரில் பூட்டிக் கிடந்த ‘ஸ்டேட்’ அரங்கை, 2005இல் இயக்குநர் மைக்கேல் மூர் உள்ளிட்டோர் தொடங்கிய திரைப்பட விழா, உள்ளூர் ரோட்டரி அறநிதியிடமிருந்து கொடையாகப் பெற்று 2007 நவம்பரில் திறந்தது. டிக்கெட் கிழிப்பது முதல் பாப்கார்ன் வறுப்பது வரை பெரும்பாலும் தன்னார்வலர்கள். குழந்தைகள் படத்துக்குக் கட்டணம் 25 சென்ட். பின்னாளில் விழா நின்றுபோனது, அரங்கு நிற்கவில்லை. புகழ்பெற்ற ஒருவர் தொடங்கி வைத்தது அவர் விலகிய பின்னும் ஓடுகிறதா என்பதே இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு உரைகல். ஸ்டேட் அதில் தேறியது.

மேய்ன் மாநிலத்தின் பக்ஸ்போர்ட் இன்னும் சிறியது, ஏறத்தாழ ஐயாயிரம் பேர். அங்கே 1916இல் கட்டிய ‘அலமோ’வை 1992இல் வாங்கியது ஒரு பிலிம் காப்பகம். வடகிழக்கு மாநிலங்களின் வீட்டுப் படங்களையும் பழைய செய்திப் படச்சுருள்களையும் சேகரிக்கும் ‘நார்த்ஈஸ்ட் ஹிஸ்டாரிக் ஃபிலிம்’ அது. காப்பகத்துக்குக் குளிர்பதனக் கிடங்கும் மானியமும் முதன்மை. திரையிடல் அதன் முகம். 2014 இறுதியில் ஊரின் காகித ஆலை மூடப்பட்டபோதும் அரங்கு அதோடு போகவில்லை. டிக்கெட்டை மட்டும் நம்பாததே காரணம் என்று கொள்ளலாம்.

கூட்டுறவு முறை நல்ல எண்ணத்தால் மட்டும் ஓடாது என்பதற்கு இல்லினாயின் ஷாம்பேன் சான்று. பல்கலைக்கழக நகரமான அங்கே 1913ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இயங்கிய ‘ஆர்ட் தியேட்டர்’, 2010களின் தொடக்கத்தில் பொதுமக்கள் பங்கு வாங்கிய கூட்டுறவாக மாறியது, 2019இல் மூடப்பட்டது. பங்கு வாங்கியவர் எல்லோரும் டிக்கெட் வாங்குபவர் ஆகிவிடுவதில்லை. டெக்சஸின் ஆர்ச்சர் சிட்டியோ விதிவிலக்கிலும் விதிவிலக்கு. 1971இல் வெளியான ‘த லாஸ்ட் பிக்சர் ஷோ’ எடுக்கப்பட்டபோது அவ்வூரின் ‘ராயல்’ அரங்கு ஏற்கெனவே தீயில் எரிந்து முகப்பு மட்டும் எஞ்சிய கூடு. பிற்பாடு அதன் ஒரு பகுதியை எழுப்பி நாடக மேடையாக்கினார்கள். ஊர்த் திரையரங்கின் முடிவைச் சொன்ன படத்தால் புகழ்பெற்ற அரங்கு, சினிமா இல்லாமலேயே மீண்டது.

வாரக் கடைசியில் எந்த அரங்கும் பிழைத்துக்கொள்ளும், செவ்வாய்க்கிழமைதான் சோதனை. நிலைத்த அரங்குகளின் வார நாள்களைப் பார்த்தால் புதுப்படம் ஒரு பங்குதான். பள்ளிக் குழந்தைகளுக்குக் காலைக் காட்சி, முதியோருக்கு மதியக் காட்சி, பாசனப் பிரச்சினையோ போதைப் பிரச்சினையோ பேசும் ஆவணப்படமும் தொடர்ந்து கலந்துரையாடலும், நகரசபைக் கூட்டம், நடனப் பள்ளி ஆண்டுவிழா, திருமணம். 2006 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையில் அனுப்பத் தொடங்கியது. பல ‘ஆப்பரா ஹவுஸ்’களில் ஆப்பரா கேட்டது அப்போதுதான். மாசசூசெட்ஸின் கூலிட்ஜ் கார்னர் அரங்கு 2005இல் தொடங்கி, ஸ்லோன் அறக்கட்டளை உதவியுடன் பிற அரங்குகளுக்கும் பரவிய ‘சயன்ஸ் ஆன் ஸ்கிரீன்’, ஒரு படத்தோடு உள்ளூர் அறிவியலாளர் ஒருவரின் பேச்சைச் சேர்த்தது. செலவு குறைவு, கூட்டம் உறுதி.

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் அத்தனை அரங்குகளும் மூடப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மூடிய கலைக்கூடங்களுக்கு 2019 வருமானத்தில் 45 விழுக்காடு வரை மானியம் கிடைத்தது. மொத்த ஒதுக்கீடு 1,600 கோடி டாலருக்கும் மேல். சிறிய அரங்குகள் பல அதனால் உயிர் தப்பின. அதே காலத்தில் ஸ்டுடியோக்கள் அரங்குக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த மாதக்கணக்கான இடைவெளியைச் சில படங்களுக்குப் பதினேழு நாள் வரை சுருக்கின. முதல் வாரத்தில் படம் கிடைக்காத ஊருக்கு இது நேரடி அடி: படம் வரும்போது அது தொலைக்காட்சியிலும் இருக்கும். பாராமவுண்ட் தீர்ப்பின் கட்டுப்பாடுகளையும் ஒரு நீதிமன்றம் 2020இல் முடிவுக்குக் கொண்டுவந்தது.

அரங்கு திறந்தால் கடைவீதி செழிக்கும், செலவிடும் ஒவ்வொரு டாலரும் பல டாலராகத் திரும்பும் என்று நன்கொடைக் கடிதங்கள் சொல்லும். அந்தப் பெருக்கல் கணக்குகளை எச்சரிக்கையோடுதான் ஏற்க வேண்டும். அரங்கில் செலவிட்ட பணம் ஊரின் வேறொரு கடையில் செலவாகியிருக்கக்கூடியதே. இரவு எட்டு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருப்பதும் எதிரே ஒரு உணவகம் திறந்திருப்பதும் கண்கூடு. அதற்கு மேல் நிரூபிப்பது கடினம். இன்னொரு விமர்சனம் கனமானது. கலைப்படமும் கச்சேரியும் நாற்பது டாலர் டிக்கெட்டும் என்றாகிவிட்ட அரங்கில், ஒரு காலத்தில் பத்து சென்ட்டுக்கு வந்துபோன ஆலைத் தொழிலாளியின் பேரனுக்கு இடமிருக்கிறதா? 25 சென்ட் காட்சிகளும் இலவசக் கோடைக் காட்சிகளும் இதற்கு அரைகுறைப் பதில்.

இப்போது இரண்டாம் சுற்றுச் செலவு வந்து நிற்கிறது. 2013ஐ ஒட்டி வாங்கிய டிஜிட்டல் புரொஜெக்டர்களுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிதாகி வருகிறது; லேசர் புரொஜெக்டருக்கு மாற வேண்டியிருக்கிறது. ஐம்பது ஆண்டு ஓடிய பழைய பிலிம் இயந்திரத்தை ஊர் மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். கணினியில் ஓடும் இயந்திரத்துக்கு அந்த ஆயுளும் இல்லை, அந்த வைத்தியமும் இல்லை. முதன்முறை பணம் திரட்டியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். டிக்கெட் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் பழுதுபார்ப்பு நிதி என்று தனியே ஒதுக்கி வந்த அரங்குகள் புதிய இயந்திரத்தை வாங்கிவிடும். ஒதுக்காதவை மறுபடி உண்டியலோடு ஊரைச் சுற்ற வேண்டும். இந்த முறை ஏந்துவதற்கு இளைய கைகளையும் அவை தேட வேண்டியிருக்கும்.